கட்டில் செடி

தங்கமணி அந்தச் செடியைக் கொண்டுவந்து ஒன்பது வருடமாகிவிட்டது. ஒன்பது வருடத்தில் அது ஒரு பூகூடப் பூக்கவில்லை.

கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் ரோட்டில், ஊர் முடிந்து கரும்புக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில் அவர்கள் வீடு. மழை பொய்த்துப்போன காலத்தில் அவளும் புருஷன் சடையனும் ஏற்காட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்தார்கள். கடைசிப் பருவத்தில் எஸ்டேட் பங்களாவில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்று தங்கமணியை அனுப்பினார்கள். அங்கேதான் முதலில் பார்த்தாள். இரண்டு கையையும் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிய பூ. ஓரமெல்லாம் கொசுவம் வைத்த மாதிரி சுருக்கம், நடுவில் தொண்டை மாதிரி ஒரு குழல், அதற்குள்ளே மஞ்சள். மண்ணில் வேர்விடாமல் கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு செடியில் அப்படி ஒன்று மலரும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. குடத்தைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

பங்களா அம்மா அதைக் கட்லியா என்றார். ஆர்க்கிட் வகை என்று தோட்டக்காரர் சொன்னார். தொட்டி மாற்றும்போது இலை உதிர்ந்த பழைய தண்டுகளை வெட்டிக் குப்பைக்குழியில் போட்டார்கள். தங்கமணி கேட்டாள், எடுத்துக்கொள்ளட்டுமா என்று. "செத்த கட்ட அது. எடுத்துக்கினு போயி இன்னா பண்ணப் போற?" என்றார் தோட்டக்காரர். ஐந்து துண்டுகளைப் பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்தாள். கட்லியா என்ற பேர் சடையன் வாயில் கட்டிலியா ஆயிற்று. ஊரில் அதுவே கட்டில் செடி ஆனது.

"இன்னா தங்கமணி, கட்டிலு செடி இன்னும் தூங்கிக்கினுதா இருக்குதா?" என்று தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் கேட்பார்கள். முதல் இரண்டு வருடம் அவளும் சிரித்தாள். பிறகு அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

முதலில் கரி கிடைக்காமல் மண்ணில்தான் நட்டாள். இரண்டு துண்டு அழுகிப்போயிற்று. காற்றில் தொங்குகிற வேர் அது, மண்ணுக்குள் மூச்சு முட்டும் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. சடையன் கரிமூட்டத்திலிருந்து ஒரு சாக்குக் கரி கொண்டுவந்து போட்டான். மண்தொட்டியின் பக்கவாட்டில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்தான். ஓட்டுச்சில்லு, கரி, தேங்காய் மட்டைத் துண்டு என்று நிரப்பி, செடியை மேலே உட்காரவைத்துக் கயிற்றால் கட்டினாள். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் வேர் நுனி வெள்ளையாக உப்புப் பூத்துக் கருகியது. மழைத் தண்ணீரைச் சிமெண்டுத் தொட்டியில் பிடித்துவைத்தாள். அது தீர்ந்தால் வாய்க்காலுக்குப் போனாள். காலையில் மட்டும்தான் தண்ணீர். சாயங்காலம் ஈரம் நின்றால் குருத்து அழுகும். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, வடிகட்டி, வெறும் டீத்தண்ணி நிறத்துக்கு நீர்த்து, வாரம் ஒருமுறை தெளித்தாள். இலை கரும்பச்சையானால் வெயில் பற்றவில்லை, மஞ்சளித்தால் வெயில் ஜாஸ்தி. இரண்டுக்கும் நடுவே அது நிற்கிற இடம் எதுவென்று கண்டுபிடிக்கத் தொட்டிகளை முற்றத்தில் நான்கு வருடம் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் இடத்தைக் காட்டிக்கொடுத்தது ரோட்டோரத்துத் தூங்குமூஞ்சி மரம். வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த மரம். பாதிக் கிளை ரோட்டின்மேல், பாதி அவள் முற்றத்தின்மேல். பகலில் சல்லடை பிடித்த மாதிரி வெயிலை விடும். சாயங்காலம் இலையை மூடிக்கொண்டு பனியை இறக்கும். மழை கறுத்தால் அப்போதும் மூடிக்கொள்ளும், மழை நேராகச் செடியில் விழும். தாழ்ந்த கிளைக்கும் வீட்டுச் சுவருக்கும் கம்பி இழுத்துக் கட்டி, பிரித்துப் பிரித்து வைத்ததில் ஏழாகியிருந்த தொட்டிகளைத் தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு செடிகள் தடித்தன. தண்டு தண்டாகப் போட்டன. பூ மட்டும் வரவில்லை.

இதில் அவளுக்கு ஆறாத எரிச்சல் வெள்ளிமலைச் செல்லியம்மாளைப் பார்த்து. சந்தை நாளில் மலையிலிருந்து சாமையும் கடுக்காயும் கொண்டுவருகிறவள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு துண்டு கேட்டு வாங்கிப்போனாள். அவள் வீட்டுப் பலாமரத்தில் அது மூன்றுமுறை பூத்துவிட்டது.

"இன்னா வச்ச அதுக்கு?" என்று தங்கமணி கேட்டாள்.

"ஒன்னும் வெக்கல. நாரு போட்டுக் கட்டுனன். அப்பால மறந்துட்டன்."

"தண்ணி?"

"மழ பேஞ்சா குடிக்குது. நீ தெனம் தொட்டுத் தொட்டுப் பாக்கற. அதுக்குக் கூச்சமாக் கீதோ இன்னாவோ."

அன்று தங்கமணி அவளிடம் சாமை வாங்கவில்லை.

எண்பத்தேழாம் வருடம் ஆவணியில்தான், சுவரோரத் தொட்டியில், புதுத் தண்டின் உச்சியில், இலை பிரிகிற இடத்தில் ஒரு மடல் எட்டிப் பார்த்தது. கத்தி உறை மாதிரி பச்சையாக, தட்டையாக. இருபது நாள் கழித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். மடலுக்குள்ளே நிழலாக நான்கு மொட்டு, நெல்மணி அளவில்.

ஓடிப்போய்ச் சடையனிடம் சொன்னாள். களியைக் கருவாட்டுக் குழம்பில் தொட்டுக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல் "ம்" என்றான்.

கொஞ்ச மாதமாகவே அவன் அப்படித்தான் இருந்தான். மகள் ராதிகா பிளஸ் டூ முடித்து வாத்தியார் டிரெய்னிங்குக்கு மனு போட்டிருந்தாள். கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் பிள்ளை. லிஸ்ட் வந்தது, அவள் பேர் இல்லை. இரண்டு மார்க் கம்மி என்றார்கள். சாதிக்குத் தனி ஒதுக்கீடு இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று சடையனின் தம்பி தமிழரசன் சொன்னான். அவன் சாதிச் சங்கத்தில் முன்னே நிற்கிற ஆள். சடையன் மூன்றுமுறை ஆபீசுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, நான்காவதுமுறை போகவில்லை. சாயங்காலமானால் தம்பியோடு சங்கக் கூட்டத்துக்குப் போய்விடுவான்.

தனி ஒதுக்கீடு கேட்டுப் புரட்டாசி முதல் தேதியிலிருந்து ஏழு நாள் சாலை மறியல் என்று சங்கத்தில் முடிவாகியிருந்தது. வடக்கே எல்லா ஊரிலும் ஒரே நாளில்.

அன்று விடிந்து தங்கமணி செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மடலைக் கிழித்துக்கொண்டு மொட்டுகள் வெளியே வந்திருந்தன, சுண்டுவிரல் நுனிப் பருமனில். தமிழரசன் பத்துப் பேரோடு வந்து நின்றான். இருவர் தோளில் பெரிய ரம்பம்.

"அண்ணி, தொட்டிங்கள எல்லாம் கொஞ்சம் உள்ள எடுத்து வச்சிக்குங்க."

"இன்னாத்துக்கு தம்பி?"

"மரத்தச் சாய்க்கப் போறோம். ரோட்டு மேல வுழற மாதிரிதா அறுப்போம். இருந்தாலும் கெள இந்தப் பக்கமும் வரும்ல."

தங்கமணி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "இந்த மரத்தயா?"

"ஆமா."

"ரோட்டுல வேற மரமே இல்லியா?"

"இருக்குது அண்ணி. ஆனா இங்கதா ரெண்டு பக்கமும் வாய்க்கா. லாரிக்காரன் எறங்கிச் சுத்திக்கினு போவ முடியாது."

"தம்பி, மொட்டு வந்துருக்குது. ஒம்போது வருசத்துல இப்பதா வந்துருக்குது. பத்து நாளு பொறுக்கக் கூடாதா? பத்து நாளு கழிச்சி நானே கயிறு புடிக்கறன்."

ரம்பத்தோடு நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். தமிழரசன் சிரிக்கவில்லை.

"அண்ணி, ஏழு நாளுதா மறியலே. நீங்க பத்து நாளு கேக்கறீங்க. ராதிகா பேரு லிஸ்ட்டுல வந்துச்சா சொல்லுங்க. யாருக்காவ ரோட்டுல எறங்கறோம்?"

"எனுக்குத் தெரியாதா? நானும் வரன். ஏழு நாளும் ரோட்டுலயே குந்தறன். ஆளுங்க குந்துனா பஸ்ஸு நிக்காதா? அதுக்கு மரம் இன்னாத்துக்கு?"

"ஆளத் தூக்கி ஓரமாப் போட்டுட்டு ஓட்டிக்கினு போய்டுவான். மரத்தத் தூக்க மிசினு வரணும்."

"ஒரு வார்த்த கேட்டீங்களா எங்கள? வூட்டாண்ட நிக்கற மரத்த?"

தமிழரசன் தயங்கினான். கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அண்ணனக் கேக்காமலா வருவோம்? முந்தாநேத்து கூட்டத்துல ஒவ்வொருத்தனும் எங்க வூட்டு மரம் வாணாம், எங்க வூட்டு மரம் வாணாம்னு சொல்லிக்கினு இருந்தானுங்க. அண்ணன்தா எழுந்து, எங்க மரத்த வெட்டுங்கன்னாரு."

தங்கமணி திரும்பிப் பார்த்தாள். சடையன் மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று, முன்பே அவிழ்த்துவிட்ட மாட்டின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா."

அவன் வரவில்லை. அவள்தான் போனாள்.

"நீயா சொன்ன?"

"யாரோ ஒருத்தன் சொல்லணும்ல."

"மொட்டு வந்துருக்குதுன்னு உங்கிட்ட சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"சொல்லியும் குடுத்துட்ட."

"எங்கிட்ட வேற இன்னா இருக்குது குடுக்க?" என்றான் சடையன். லிஸ்ட் வந்த பிறகு அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். "மூணு வாட்டி போனன். அந்த ஆபீசுல என்ன குந்துன்னு ஒருத்தன் சொல்லல. புள்ளைக்கி இன்னா பண்ணன் நானு? ஒன்னும் பண்ணல. கூட்டத்துல எல்லாரும் தரமாட்டன் தரமாட்டன்னாங்க. என்னால சும்மா குந்திக்கினு இருக்க முடியல."

"குடுக்கணும்னா உன்னுத குடுத்துருக்கணும். என்னுத எடுத்துக் குடுத்துட்டு வந்து நிக்கற."

"மரம் ஹைவேசுக்காரனுது."

"நெழலு என்னுது."

சடையன் கயிற்றை மறுபடி அவிழ்த்துச் சுருட்டினான்.

ராதிகாவும் அவளுமாகத் தொட்டிகளை இறக்கினார்கள். கம்பி முறுக்கு துருப்பிடித்து இறுகியிருந்தது. ஐந்தை இறக்குவதற்குள் ரம்பம் அடிமரத்தில் பாதி போய்விட்டது. "எட்டிப் போங்க, எட்டிப் போங்க" என்று கத்தினார்கள். மொட்டுத் தொட்டியை முதலில் எடுத்திருந்தாள், அதுமட்டும் நல்லது. மரம் சொன்னபடி ரோட்டில்தான் சாய்ந்தது. ஆனால் முற்றத்துப் பக்கக் கிளை விழும்போது வேலியை இழுத்துக்கொண்டு, கம்பியை அறுத்துக்கொண்டு, மீதி இரண்டு தொட்டியையும் அடியில் போட்டுக்கொண்டது.

புழுதி அடங்கியதும் வெளிச்சம் வந்தது. முற்றத்தில் அதுவரை அவ்வளவு வெளிச்சம் இருந்ததில்லை. அம்மிக்கல், மாட்டுத்தொட்டி, கோழிக்கூடு எல்லாம் வேறு யார் வீட்டுச் சாமான் மாதிரி தெரிந்தன. தங்கமணி மொட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"உள்ள வச்சிடலாம்மா" என்றாள் ராதிகா.

"உள்ள வெளிச்சம் பத்தாது. மொட்டு உதுந்துடும்."

"வெளிய வச்சா?"

"வெந்துடும்."

"அப்ப இன்னாதா பண்றது?"

தங்கமணி வீட்டுக்குள் போய் மரப்பெட்டியைத் திறந்தாள். சடையனின் நான்கு வேட்டிகளும் அதில்தான் இருந்தன. நான்கையும் எடுத்து ஓரத்தோடு ஓரம் வைத்துக் கோணி ஊசியால் தைத்தாள். கொட்டகைத் தூணிலிருந்து வீட்டுச் சுவர்வரை இழுத்துக் கட்டினார்கள். அடியில் ஐந்து தொட்டிகள். சடையன் ரோட்டுக்குக் கிளம்பும்போது பெட்டியைத் திறந்து பார்த்தான். கட்டியிருந்த லுங்கியோடு போனான்.

மறியல் நாட்களில் ரோட்டில் ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் பால் போகவில்லை. வீட்டுக்கு வீடு பாலைச் சுண்டக் காய்ச்சி வெல்லம் போட்டுத் தின்று, இரண்டாம் நாளே எல்லாருக்கும் திகட்டிவிட்டது. கரும்பு வெட்டு நின்றது. சங்கராபுரம் பக்கம் இன்ன ஊரில் மரம், இன்ன ஊரில் பாலம் என்று சேதி நடந்தே வந்தது. வடக்கே துப்பாக்கிச் சூடாம், ஆள் செத்துப்போனார்களாம் என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். அன்று ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

பெண்கள் முறைபோட்டுக் கூழ் காய்ச்சி ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். தங்கமணியும் காய்ச்சினாள். மரத்தை அறுத்தவர்களுக்கே, அறுத்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கே, குண்டான் சுமந்துபோய் ஊற்றினாள். வெங்காயம் உரித்து வைத்தாள். சடையன் முறை வந்தபோது அவன் நீட்டிய சொம்பில் ஊற்றிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தாள்.

"அண்ணி கோவமாக் கீறாங்க போல" என்றான் தமிழரசன்.

"கோவமாக் கீறதுக்கு நா யாரு? இன்னும் ரெண்டு சொம்பு ஊத்தட்டா?"

வெயில் அந்த வாரம் பங்குனி வெயில் மாதிரி அடித்தது. வேட்டி நிழல் மரத்து நிழல் ஆகுமா? மரம் மூச்சுவிடும், வேட்டி அனலைப் பிடித்துவைத்துக்கொண்டது. ஒரு மணிக்கொருதரம் தங்கமணி செடிகளைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளித்தாள், செடியின்மேல் படாமல். இலையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தால் விசிறினாள். விசிறிக்கொண்டே திட்டினாள். யாரை என்று ராதிகா கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் போலீஸ் வண்டிகள் வந்தன. இளவட்டங்கள் கரும்புக்குள் ஓடிவிட்டார்கள். தமிழரசனும்தான். சடையனுக்கு முழங்கால் வலி, ஓட முடியவில்லை. ஓடவும் நினைக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மரத்தின்மேலேயே உட்கார்ந்திருந்தானாம். பதினாறு பேரோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். தங்கமணி ஓடிப்போவதற்குள் வண்டி திரும்பிவிட்டது. லுங்கியோடு அவன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவன் கையை அசைத்தானா, பிடி தவறினானா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் முதல் மொட்டு உதிர்ந்தது. காம்பு மஞ்சளாகி, தொட்டிக்கரியின்மேல் கிடந்தது. எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே இதழ் மடிப்பு எல்லாம் சின்னதாக, சரியாக இருந்தது. நிறம் மட்டும் ஏறியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் மழை கொட்டியது. வேட்டியில் நீர் தேங்கித் தொப்பையாகி, தையல் விட்டு, மொத்தமும் மொட்டுகளின்மேல் கவிழ்ந்தது. துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். இருந்தாலும் மடலின் அடியில் ஈரம் தங்கிவிட்டது. மறுநாள் இரண்டாவது மொட்டு கறுத்துக் கொழகொழவென்று ஆயிற்று. அழுகல் பரவாமல் இருக்கப் பிளேடால் மடலை நீளவாக்கில் கிழித்து எடுத்து, அந்த மொட்டையும் நறுக்கி, வெட்டுவாயில் மஞ்சள்தூள் வைத்தாள். மூன்றாவது மொட்டு ஏனென்றே தெரியாமல் வெம்பிச் சுருங்கிப் போனது.

ராதிகா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று சொன்னாள்: "எம் பேரு வந்துருந்தா இந்த மரம் நின்னுருக்கும்ல?"

"இன்னா பேச்சு பேசற நீ?"

"இல்ல, கேக்கறன். ரெண்டே மார்க்கு. அதுக்காவ அப்பா ஜெயில்ல கீறாரு, நீ இதும் முன்னால குந்திக்கினு அழுவற. நா இன்னா பண்ணட்டும்? எங்கிட்ட யாராவது இன்னா பண்ணலாம்னு கேட்டீங்களா? நீயும் கேக்கல, அவரும் கேக்கல."

தங்கமணிக்குச் சுருக்கென்றது. நிஜம்தான். லிஸ்ட் வந்த நாளிலிருந்து மகளை உட்காரவைத்து ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பன் ரோட்டுக்குப் போனான், அம்மா செடிக்குப் போனாள்.

"இன்னா பண்ணலாம்னு நெனைக்கற?" என்று கேட்டாள்.

"அடுத்த வருசம் திரும்பிப் போடலாம். அதுக்குள்ள டைப்புக்குப் போறன். கள்ளக்குறிச்சில."

"பஸ்ஸு வுடட்டும், போ."

அவ்வளவுதான் பேச்சு. ராதிகா எழுந்துபோய்ச் சாக்கு ஊசியை எடுத்துவந்து வேட்டித் தையலைச் சரிசெய்ய உட்கார்ந்தாள்.

மறியல் முடிந்து மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து லாரியில் ஏற்றிப் போனார்கள். நான்காவது மொட்டு அதற்கும் ஒரு வாரம் கழித்து விரிந்தது. ஒரே நாளில் விரியவில்லை. காலையில் நுனி பிளந்தது. மத்தியானம் ஒரு இதழ் மட்டும் பின்னால் வளைந்து நின்றது. அடுத்த நாள் மற்றவையும் பிரிந்தன, கசங்கிய துணி மாதிரி. ஒருவேளை இவ்வளவுதானோ என்று தங்கமணி பயந்தாள். மூன்றாம் நாள் காலை கசங்கல் நீங்கி, ஒரு சாண் அகலத்துக்கு நிமிர்ந்து நின்றது. கிட்டே போனால் வாசனையும் இருந்தது. ஏற்காட்டில் வாசனை இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை.

ஊர்ப் பெண்கள் வந்து பார்த்தார்கள். கட்டில் செடி என்று ஒருத்தியும் சொல்லவில்லை. செல்லியம்மாள் சந்தைக்கு வந்தவள் கூடையோடு வந்து பார்த்துவிட்டு, "நல்லாக் கீது. எங்கூட்டுது இன்னும் கொஞ்சம் பெருசு" என்றாள். தங்கமணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பார்க்க வேண்டிய ஆள் கடலூர் ஜெயிலில் இருந்தான். கரி சுமந்தவன், ஓட்டை போட்டவன், குடுத்துத் தொலைத்தவன்.

மனு போட்டுப் பார்க்கப் போனாள். முதல் பஸ்ஸில் கிளம்பி மத்தியானம் போய்ச் சேர்ந்தாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். சடையன் இளைத்திருந்தான். தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது.

"செடிக்கு மேல கட்டுனதுல ஒரு வேட்டியப் பிரிச்சிக் கொண்டாந்துருக்கன். குடுத்துருக்கன் அங்க. செடிக் கறையாக் கீது, கட்டிக்க."

"சரி. மாடு?"

"கீது."

"ராதிகா?"

"டைப்புக்குப் போவுது."

"டைப்புக்கா?" அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எப்ப வுடுவாங்கன்னு தெரியல. வக்கீலு வராருன்றாங்க."

"உந் தம்பி சொன்னாரு."

பக்கத்தில் ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பூத்துச்சி" என்றாள் தங்கமணி.

"இன்னா?"

"பூத்துச்சி, செடி! ஒன்னுதா. மூணு போயிடுச்சி."

சடையன் வலையருகே முகத்தைக் கொண்டுவந்தான். "இன்னா கலரு?"

ஒன்பது வருடத்தில் அந்தச் செடியைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. அவளும் வாயைத் திறந்தாள். வரவில்லை.

"சேப்பா?"

"சேப்பு இல்ல."

"கத்திரிப்பூவா?"

"அதும் இல்ல. அத வுடக் கம்மி... இல்ல, ஜாஸ்தி."

"வாடாமல்லியா?"

"ஐய, அது இல்ல. உள்ள ஒரு மாதிரி, வெளிய ஒரு மாதிரி. ஓரமா சுருக்கம் சுருக்கமாக் கீது பாரு, அங்க..."

"கேக்கல, சத்தமாச் சொல்லு!"

"ஓரமா! சுருக்கமா!"

"கம்மல் கல்லு மாதிரியா?"

"எந்தக் கம்மலு? இல்ல மாமா—"

வார்டர் தட்டினார். நேரம் முடிந்தது. அந்தப் பக்கத்து வரிசை மொத்தமும் பின்னால் நகர்ந்தது. சடையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். உதடு எதையோ கேட்டது. இன்னொரு நிறத்தின் பேராக இருக்கலாம்.

பஸ்ஸில் வழியெல்லாம் அவளுக்கு ஆத்திரம். வேட்டியைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிப் பாதி நேரத்தை வீணாக்கியதற்கு. ஒரு நிறத்தைச் சொல்லத் தெரியாமல் நின்றதற்கு. அவனைத் திட்டவேண்டியதைத் திட்டாமல் வந்ததற்கு. அடுத்த மனு பதினைந்து நாள் கழித்துத்தான். அதற்குள் பூ போய்விடும்.

மறுநாள் காலை ராதிகாவை ஒரு தபால் கார்டு எடுத்துவரச் சொன்னாள். செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பூவின் ஒரு இதழ் ஓரத்தில் கண்ணாடி மாதிரி வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"எழுது. கலரு கேட்டல்ல, சொல்றன்னு எழுது."

ராதிகா எழுதினாள்.

"அதுக்கு முந்தி இத எழுது. நீ மரத்தக் குடுத்தது தப்பு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கணும். புள்ளைக்காவ குடுக்கறன்னு சொன்னா நா வாணான்னுவனா? முன்னாடியே கூட்டத்துல குடுத்துட்டு வந்து, ரெண்டு நாளா எம் மூஞ்சியப் பாத்து சோறு துன்னுக்கினு இருந்த பாரு, அத நா மறக்கமாட்டன். மரம் போனது கூட போயிட்டுப் போவுது. புள்ளையையும் நாம ரெண்டு பேரும் கேக்கல. அதும் எழுது. மூணு மொட்டு போச்சி. ஒன்னு வெயில்ல, ஒன்னு தண்ணில, ஒன்னு ஏன்னு தெரியல. உந் தம்பி வந்தாரு, தல குனிஞ்சிக்கினு நின்னாரு, சோறு போட்டன். ஒடம்பப் பாத்துக்க. முட்டிக்கு எண்ண தேய். அங்க எண்ண குடுக்கறாங்களா?"

ராதிகாவின் எழுத்து சின்ன எழுத்து, நேரான வரி. கார்டைத் திருப்பி விலாசத்துக்குப் பக்கத்திலும் எழுதினாள்.

"ம். இப்ப கலரு" என்றாள் தங்கமணி. பூவையே பார்த்தாள். "எழுது..."

"அம்மா, எடமில்ல."

"இல்லியா?"

"இன்னும் ஒரு வரிதா வரும். அதும் ஓரமா."

தங்கமணி கார்டை வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, கறுப்பாக நிறைந்திருப்பது தெரிந்தது. பூவைப் பார்த்தாள். அதற்குப் பின்னால், அதே தொட்டியில், தண்டின் அடியில், பச்சையாகப் புதுத் தண்டு ஒன்றின் மூக்கு கிளம்பியிருந்தது. தலைக்குமேல் மீதி வேட்டி, இரண்டு இடத்தில் கிழிந்து, காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

கார்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த ஒரு வரில இத எழுது. வுட்டதும் நேரா வூட்டுக்கு வராத. மலைக்குப் போயி பந்தலுக்கு மூங்கிக் கழி ஆறு வெட்டிக்கினு வா. பத்தடிக்கு."